ஆம்பளைங்க வியாதி

என்னுடைய பம்பு ரிப்பேர்க் கடைக்கும் லேத்தக்காவின் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பதினாறு வருஷம் அப்படியே கழிந்ததில், இரும்பைக் கடைகிற லேத் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே முன்னால் நிற்பது யார் என்று என்னால் சொல்லிவிட முடியும். அவருடைய தம்பி நின்றால், சீவுகிற டூல் இரும்பைத் தொடும்போதெல்லாம் ஒரு கீச்சல் எழும். அவனுக்கு எப்போதும் அவசரம். அக்கா நின்றால் சத்தம் மாறவே மாறாது. இரும்பு நீலச் சுருளாக உரிந்து உரிந்து தட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன். தெருவே அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் என்னை "பம்பண்ணே" என்பார். ஆக, நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்கு அக்கா. இந்த உறவுமுறை இன்றுவரை யாருக்கும் இடித்ததில்லை.

அது அவருடைய அப்பா வாங்கிப் போட்ட லேத். நாற்பத்தொரு வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். பெருங்குடலில் புற்றுநோய். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு, அண்ணனுக்கு இருபத்தொன்று, தம்பி ஏழு வயதுக் குழந்தை. மூத்தவர்கள் இருவரும் மாற்றி மாற்றி நின்று மெஷினை ஓட்டினார்கள். சித்தப்பா ஒருவர் இருந்தார். அவரும் நாற்பத்தேழில் அதே நோயில் போனார். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணனும் போனார். அவருக்கு நாற்பத்து நாலு.

அண்ணன் போனதும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறு பட்டறை தேடிப் போனார்கள். பொம்பளை கடைசல் பிடித்த ஷாஃப்டை நம்பி மெஷினில் மாட்ட முடியுமா என்று பயம். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. இரண்டே மாதத்தில் மாவு மில்காரர், வேறு இடத்தில் செய்து வாங்கிய ஷாஃப்ட் ஆட்டம் போடுகிறது என்று அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அக்கா மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தார். "இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அரை முடி வித்தியாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்த அரை முடிக்குப் பிறகு எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

கணவர், மகளுக்கு மூன்று வயதாகும்போதே வேறு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டவர். அதைப் பற்றி அக்கா பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மகளுக்கு இப்போது இருபது. நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறது. தாய், மகள், தம்பி என்று மூன்று பேர், பட்டறைக்கு மேலே இரண்டு அறை.

அந்தக் குடும்பத்தில் புற்றுநோயை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "எங்க வீட்டு ஆம்பளைங்க வியாதி" என்பார்கள். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் ஆண்கள். அதனால் கடைசியாக மிச்சமிருந்த ஆணான தம்பியின் மேல்தான் எல்லோருடைய கண்ணும். அண்ணனைப் பார்த்த டாக்டர், தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவன் நழுவப் பார்ப்பான். அக்கா விடமாட்டார். முதல் நாளே வயிற்றைச் சுத்தமாக்க வேண்டும். அதற்கு ஒரு பொடியை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்தாக வேண்டும். அக்கா அளவுக் குடுவையோடு தலைமாட்டிலேயே நிற்பார்.

"போதும்க்கா, கடலையே குடிச்ச மாதிரி இருக்கு."

"இன்னும் முந்நூறு மில்லி. மூக்கைப் பிடிச்சுக்கோ."

"நீ ஒரு டம்ளர் குடிச்சுப் பாரு, அப்புறம் தெரியும்."

"எனக்கு எதுக்குடா? எனக்கென்ன மீசையா இருக்கு?"

தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஆனால் அந்தப் பயம் சிரிக்கிற சங்கதி இல்லை. பொத்தான் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் தம்பியை விரும்பினாள். ஐம்பதைத் தாண்டிய ஆணே இல்லாத வீட்டுக்கு ஒருத்தியைக் கூட்டிவந்து விதவையாக்கமாட்டேன் என்று இவன் அடமாக இருந்துவிட்டான். அவள் மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இதற்கிடையில் அக்காவின் நடை தளர்ந்ததை நான் கவனித்தேன். இரும்பை இறுக்கிப் பிடிக்கிற 'சக்'கை லேத்திலிருந்து கழற்றி மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. அது ஒரு நல்ல ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். ஒரே மூச்சில் தூக்கி மாட்டுகிறவர், பாதியில் அதை ஆயில் டின் மேல் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தார். மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை நின்று ஏறினார். உதடு வெளுத்திருந்தது.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?"

"ரத்தம் கம்மியாம் பம்பண்ணே. தெரு டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்திருக்கார். ரெண்டு வருஷமாச்சு. வெளியே இரும்பு, உள்ளேயும் இரும்பு."

"ரெண்டு வருஷம் முழுங்கியும் ஏறலியா?"

"மாசாமாசம் போகுதுல்ல, எப்படி ஏறும்? பொம்பளை உடம்பு அப்படித்தான்."

நானும் சரிதான் போல என்று இருந்துவிட்டேன். அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. தம்பியின் பரிசோதனை நாளும் அப்படி ஒரு மழை நாளில் வந்தது. பம்பு ஏற்றுகிற என் சின்ன வேனில் மூவருமாகப் போனோம். பரிசோதனை முடிந்து, குடல் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். கிளம்பும்போது நர்ஸ் வந்து, புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார், பரம்பரை நோய்களைப் பார்க்கிறவர், இந்தக் குடும்பத்தைப் பார்க்க விரும்புகிறார் என்றாள். தம்பிக்கு மயக்க மருந்து இன்னும் முழுதாகத் தெளியவில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள்.

அந்த அம்மாவுக்குக் கட்டம்போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, வாயில் ஏலக்காய் வாசனை. மேஜை மேல் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரித்து வைத்திருந்தார்.

"உங்க குடும்பத்தை இதுல வரையப் போறேன். ஆண்னா சதுரம், பெண்ணுன்னா வட்டம். நோய் வந்தவங்களைக் கறுப்பாக்கிடுவேன். சொல்லுங்க."

அக்கா சொல்லச் சொல்லத் தாளில் சதுரங்கள் இறங்கின. மூன்று சதுரங்கள் கறுத்தன. வட்டங்கள் எல்லாம் வெள்ளையாகவே நின்றன.

"அதான் மேடம், எங்க வீட்டு ஆம்பளைங்க வியாதி" என்றார் அக்கா, வேலை முடிந்த மாதிரி.

"இருங்க. அப்பாகூடப் பிறந்தவங்க ஒரு அத்தைன்னு சொன்னீங்களே?"

"அத்தைக்கு எழுபத்தொண்ணு. டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. கல்லு மாதிரி இருக்காங்க."

"ஆபரேஷன் ஏதாவது?"

"கர்ப்பப்பை எடுத்தாங்க, நாப்பத்தெட்டு வயசுல. சும்மா கட்டி."

அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. "அவங்ககிட்ட இப்ப பேச முடியுமா?"

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். டெலிபோன் அத்தையின் குரல் எனக்குப் பழக்கம்தான். நாற்பது வருஷம் ஊருக்கே கனெக்ஷன் கொடுத்த குரல், தேய்ந்தும் கணீரென்று இருக்கும்.

"அத்தை, உங்களுக்குக் கர்ப்பப்பைல வந்தது என்ன கட்டி?"

"இப்ப எதுக்குடி அது?"

"டாக்டரம்மா கேக்கறாங்க."

அத்தை வீட்டில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இருபத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க, அந்தக் கதிர் வைத்தியம். சும்மா கட்டிக்கு யாராவது கரண்ட் வைப்பாங்களா? எனக்குத் தெரியும். வெளியே சொல்லல."

"ஏன் அத்தை சொல்லல?"

"எந்த இடத்துல வந்ததுன்னு நான் ஊர்ல சொல்றது? உங்க அப்பனுக்கு வந்தது வயித்துல, தைரியமாச் சொன்னான். எனக்கு வந்த இடம் அப்படி. உங்க மாமாவுக்கே கட்டின்னுதான் சொல்லி வச்சேன்."

அந்த அம்மா மெதுவாக, ரொம்ப மெதுவாக, அத்தையின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். முதல் கறுப்பு வட்டம். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆம்பளைங்க வியாதி இல்லைங்க. உங்க குடும்பத்து வியாதி. ஆணுக்குக் குடல்ல கொஞ்சம் அதிகமா, கொஞ்சம் சீக்கிரமா வரும். பெண்ணுக்குக் குடல்ல கொஞ்சம் குறைவு, கொஞ்சம் தாமதம். ஆனா கர்ப்பப்பையிலும் வரும். அதை நீங்க இத்தனை வருஷமா வேற கணக்குல சேர்த்துட்டீங்க."

"எப்படி மேடம் பரம்பரையா வரும்? புரியற மாதிரிச் சொல்லுங்க. நான் லேத்துக்காரி."

அந்த அம்மா சிரித்தார். "உடம்புல தினமும் கோடிக்கணக்கான உயிரணு, ஒண்ணைப் பார்த்து ஒண்ணு செஞ்சுக்குது. செய்யும்போது பிழை வரும். அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்த உள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கு. அதுக்கு அம்மாகிட்டேருந்து ஒரு மரபணு, அப்பாகிட்டேருந்து ஒரு மரபணு. உங்க அப்பா பக்கத்துல அந்த மரபணுல ஒரு கோளாறுன்னு நினைக்கிறேன்."

அக்கா யோசித்தார். "அதாவது, பார்ட்டைச் செக் பண்ண ரெண்டு ஆள். எங்க வீட்ல ஒருத்தன் பிறக்கும்போதே லீவு. இன்னொருத்தன் இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும். அவனும் ஒரு நாள் தூங்கிட்டா, கெட்ட பார்ட் எல்லாம் வெளியே போயிடும்."

"நான் நாலு வருஷம் படிச்சதை நாலு வரில சொல்லிட்டீங்க."

"எல்லாப் பிள்ளைக்கும் வருமா?"

"பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி. ஆண், பெண் பேதம் கிடையாது."

பிறகு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி போல இருந்தது. இரும்பு மாத்திரைக் கதையை அக்கா சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மி சகஜம்தானே மேடம்?"

"சகஜம்தான். உங்க தம்பி வந்து, அக்கா, ரெண்டு வருஷமா எனக்கு ரத்தம் கம்மின்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னிக்கே இழுத்துட்டு வந்து குழாய் விட்டுப் பார்த்திருப்பேன்."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கையிலிருந்த தம்பியின் பையைக் கீழே வைத்தார். அரைத் தூக்கத்தில் இருந்த தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அண்ணனின் குடலிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பொதிந்து ஆறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்களாம். அதை முதலில் பரிசோதிப்பதாகவும், அதில் தெரியும் கோளாறு இவர்கள் இருவரிடமும் இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் சொன்னார்கள். அக்கா, தம்பி இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அக்காவுக்குக் குழாய்ப் பரிசோதனைக்கு உடனே நாள் குறித்தார்கள். அந்த நாளை அக்கா இரண்டு தடவை தள்ளிப் போட்டார். ரொட்டிக் கம்பெனிக்கு ஆறு ரோலர் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

"ரோலர் முக்கியமா, உசுரு முக்கியமா?" என்று தம்பி கத்தியது நாலு கடைக்குக் கேட்டிருக்கும்.

"வாக்குக் குடுத்திருக்கேன்டா. இந்த ரோலர் போகலைன்னா அங்க பாதி மெஷின் நிக்கும்."

"அவங்க மெஷின் நின்னா வேற ரோலர் வாங்கிப்பாங்க. நான் வேற அக்காவுக்கு எங்க போவேன்?"

அக்கா மெஷினை விட்டு விலகி நின்றார். கடைசி இரண்டு ரோலரைத் தம்பி முடித்தான். அந்த இரண்டையும் அக்கா அளந்து பார்த்துத் தலையாட்டினார். அது அவன் வாழ்நாளில் வாங்கிய பெரிய சர்டிபிகேட்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நான் வேனில் காத்திருந்தேன். முதலில் தம்பி வெளியே வந்தான். மழையில் குடை பிடிக்காமல் ஓடி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அழுகிறானா, நனைந்திருக்கிறானா என்று தெரியவில்லை.

"எனக்கு இல்லண்ணே."

"நல்ல சேதிடா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்காவுக்கு இருக்கு."

வண்டியின் கண்ணாடித் துடைப்பான் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடக் கை வரவில்லை எனக்கு.

"எனக்கு இல்லைன்னு முதல்ல சொன்னாங்க. ஒரு நிமிஷம் எப்படி இருந்துச்சு தெரியுமா? குதிக்கலாம் போல இருந்துச்சு. அடுத்த நிமிஷம் அக்காவோட தாளைப் பிரிச்சாங்க. அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷப்பட்டதை நினைச்சா, என்னையே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு."

அக்கா பின்னாலேயே வந்து கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும்.

"டேய், அந்த ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அண்ணன் போன நாள்லேருந்து அப்படி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கல. அதையும் பிடுங்கிட்டுப் போகாத." முந்தானையால் அவன் தலையைத் துடைத்தார். "பம்பண்ணே, வண்டியை எடுங்க. போற வழியில டீ குடிக்கலாம்."

பழைய பேருந்து நிறுத்தத்துக் கடையில் டீயும் ரொட்டியும் வாங்கினோம். அவர் முழு ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தார். நாங்கள் இருவரும் கையில் வைத்துக்கொண்டே இருந்தோம்.

குழாய்ப் பரிசோதனையில், பெருங்குடலின் வலப்பக்கத்தில், அது தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டி இருந்தது. அங்கே வருகிற கட்டி ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும், கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, ஆளைச் சோர்வாக்கும், அவ்வளவுதான். பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் வருவது சற்று அதிகம், இரும்பு மாத்திரையோடு பலரும் இருந்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் ரத்தம் வெளியே தெரிந்தது. இவருக்கு இரண்டு வருஷமும் ஒன்றுமே தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்காரரிடம் அக்கா பேசியதை நான் மறக்கமாட்டேன். அவர் மெதுவாக, பயப்படாதே என்கிற குரலில் தொடங்கினார். அக்கா குறுக்கிட்டார்.

"எத்தனை அங்குலம் வெட்டுவீங்க டாக்டர்?"

"ஏறக்குறைய ஒரு அடி இருக்கும்."

"ஜாயின்ட் எப்படிப் போடுவீங்க? ரெண்டு முனையும் ஒரே சைஸ் இருக்காதே?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருக்காது. சிறுகுடல் சின்னது, பெருங்குடல் பெரிசு. பக்கவாட்டுல வச்சுச் சேர்ப்போம்."

"கசியுமா?"

"நூத்துல ரெண்டு மூணு பேருக்குக் கசியலாம். அஞ்சு நாள் கண்ணு வச்சுப் பார்ப்போம்."

"நேராச் சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

கர்ப்பப்பையையும் அதே சமயம் எடுத்துவிடலாம், அங்கே வரும் ஆபத்து நிற்கும் என்றார்கள். அக்கா ஒரு நாள் அவகாசம் கேட்டார். அந்த ஒரு நாளும் பட்டறைக்கு வரவில்லை. மாடியில் மகளோடு உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முன் பன்னிரண்டு நாள் இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் படுத்திருப்பார்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மா வரைந்த குடும்பப் படத்தை ஒரு டிராயிங் தாளில், மெஷின் பாகங்களுக்குப் போடுவது போல, கோடு பிசகாமல் தானே வரைந்தார். தன் வட்டத்தையும் தானே கறுப்பாக்கினார். அதைச் சுருட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார். வேன் என்னுடையது. டெலிபோன் அத்தை முன்கூட்டியே எல்லோருக்கும் போன் போட்டிருந்தார். "நாப்பது வருஷம் உங்க பேச்சையெல்லாம் நான் கேட்டேன், இப்ப என் பேச்சைக் கேளுங்க" என்று தொடங்கி, யாருக்கும் சொல்லாமல் இருபத்துமூன்று வருஷம் மூடி வைத்திருந்ததை ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே திறந்து சொன்னார். எந்த இடத்தில் வந்தது என்பதையும் விடாமல் சொன்னார்.

சித்தப்பா மகள் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கிளார்க், எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, எனக்குக் கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கா. இந்தப் படத்தைத் தூக்கிட்டு வீடு வீடாப் போனா யாரு கட்டுவான்?"

"உன் பொண்ணைப் பத்திப் பேச வரலை. முதல்ல நீ. உங்க அப்பாவுக்கு வந்தது உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்."

"அது ஆம்பளைங்களுக்கு வர்றது."

"நானும் அப்படித்தான் சொன்னேன். என்னைப் பாரு."

கதவு சாத்தப்பட்டது. அக்கா தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். வேனில் ஏறியதும் எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னக்கா இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி..." என்றேன்.

"அவ பயந்திருக்கா பம்பண்ணே. நான் ஆறு ரோலருக்காக மூணு வாரம் ஓடி ஒளிஞ்சவ. அவளைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? நாலு நாள் கழிச்சு மறுபடி வருவோம்."

நாலு நாள் கழித்துப் போனோம். கதவு பாதி திறந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் மூன்றாவது தடவையாகப் போனோம். அக்காவுக்கு அன்று வெறும் சூப்பும் தண்ணீரும்தான். படியேற முடியாமல் வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் கீழே இறங்கி வந்தாள். கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு இங்க எதுக்குக்கா வந்தே?"

"நாளன்னிக்கு வர முடியாதுல்ல, அதான்."

அவள் ஜன்னல் வழியாகவே கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் நாலரை மணி நேரம். கசிவு இல்லை. எடுத்த துண்டைச் சோதித்ததில் நோய் குடலின் சுவரைத் தாண்டிப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். பட்டறையில் தம்பி லேத் ஓட்டினான். அவனுக்குக் கை போதாத போது நான் சக் தூக்கிக் கொடுத்தேன். மேலே கட்டிலில் படுத்தபடி அக்கா தரையைத் தட்டுவார். ஒரு தட்டுத் தட்டினால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டினால் டூலைத் தீட்டு என்று அர்த்தம்.

"பாரேன், வயித்தைக் கிழிச்சுப் போட்டும் சூப்பர்வைசர் வேலையை விடல" என்பான் தம்பி. சொல்லிவிட்டு டூலைத் தீட்டப் போவான்.

இரண்டாவது மாதம் சித்தப்பா மகள் வந்தாள். அவளுக்கும் அந்தக் கோளாறு இருந்தது. குழாய்ப் பரிசோதனையில் இரண்டு சின்ன முளைகள். அங்கேயே அப்போதே எடுத்துவிட்டார்கள். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் வேறு கதை என்றார்களாம். அவள் ஒரு பை நிறைய முட்டை கொண்டுவந்திருந்தாள். அடுப்பங்கரைக்குப் போய் அவளே முட்டையை அவித்து, உரித்து, உப்பும் மிளகும் தூவி அக்காவுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். சொந்தத்தில் பதினான்கு பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆறு பேருக்கு இருந்தது. அதில் நாலு பேர் பெண்கள்.

மிச்சமிருந்தது மகள். அது ஒன்றைப் பற்றித்தான் அக்கா வாய் திறக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் அத்தனை தெளிவாகப் பேசியவர், தன் பிள்ளையிடம் "டெஸ்ட் எடுத்துக்கோ" என்று சொல்ல முடியாமல் திணறினார். மகளே ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தது. முடிவு வருகிற நாளை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று காலையில் அது சாப்பிட்ட விதத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வந்து, "பம்பண்ணே, நீச்சல்குளம் வரைக்கும் போகணும்" என்றார். வெயில் காலம் தொடங்கியிருந்தது. வேனுக்குள் அடுப்பு போலக் கொதித்தது. அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் நேரே குளத்துக்கு ஓட்டினேன்.

குளத்தின் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் காலை உதைத்தார்கள். நடுவில் இடுப்பளவு தண்ணீரில் மகள் நின்றது. ஒவ்வொரு குழந்தையாக வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டது. "மூக்கு மேல, வயிறு மேல, அவ்வளவுதான், விட்டுட்டேன் பாரு!" என்று அது கத்தியது எங்களுக்கும் கேட்டது. ஒரு குழந்தை தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதது. அதைத் தோளில் போட்டுச் சமாதானம் செய்தது. சிரிப்பு மாறவே இல்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "இல்லை போல இருக்கு பம்பண்ணே" என்றார். அப்போதுதான் மூச்சே விட்டார்.

வகுப்பு முடிந்தது. கடைசிக் குழந்தையையும் அதன் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனபிறகு, மகள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அதன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இருக்கும்மா."

அக்கா எழுந்திருக்கப் போய், பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"மத்தியானமே."

"தெரிஞ்சுட்டு எப்படிடி இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு..."

"பதினேழு குழந்தைங்க தண்ணில இருக்காங்கம்மா. விட்டுட்டு அழ முடியுமா?"

அண்ணன் இறந்தபோது அக்கா அழுததை நான் பார்த்ததில்லை. தனக்கு வந்தபோதும் பார்த்ததில்லை. இப்போது வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளி நின்றேன்.

"நான் குடுத்ததுடி. உனக்கு நான் குடுத்தது."

மகள் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டி சிமெண்டுத் தரையில் பரவியது.

"ஆமா, நீ குடுத்ததுதான். நீ குடுத்ததுல இது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. மத்ததெல்லாம் எனக்கே இருக்கட்டும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மாமாவுக்கும் தாத்தாவுக்கும் தெரியாமலே வந்துச்சு. உனக்கு வந்தப்புறம் தெரிஞ்சுது. எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. இருபத்தஞ்சு வயசுலேருந்து பார்க்க ஆரம்பிக்கணுமாம். வருஷாவருஷம் பார்ப்பேன். முளை வந்தா எடுத்துப் போடுவாங்க. நான் சாகமாட்டேம்மா. சும்மா அழாதே."

அதைச் சொல்லிவிட்டு அதுவும் அழுதது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அக்கா அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். குளத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள். தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். மகளின் கழுத்திலிருந்து துண்டை உருவினார்.

"முதல்ல தலையைக் காட்டு. ஈரத்தோட உக்காந்திருக்கே, சளி பிடிக்கப் போகுது."

மகள் தலையைக் குனிந்து காட்டியது. அக்கா எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்தி, அந்தத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.